அழிந்துவிட்டது என்று எழுதிய இரண்டே வருடத்தில் திரும்பி வந்த குழாய்மீன்

கழிமுகத்தான் | ஞாயிறு, இரவு 9.40

வேலை நிமித்தம் ஒன்றரை வருடமாகத் தென்னாப்பிரிக்காவில், போர்ட் எலிசபெத் நகரத்தில் இருக்கிறேன். (ஊர்ப் பெயரை இப்போது மாற்றிவிட்டார்கள். புதுப் பெயரைச் சொல்ல நாக்கால் சொடுக்குப் போட வேண்டும். எனக்கு இன்னும் வரவில்லை.) போன வாரம் விடுமுறைக்குக் கிழக்கே கெண்டன்-ஆன்-சீ என்ற சின்ன ஊருக்குப் போனோம். ஊருக்கு ஒரு பக்கம் காரிகா ஆறு, மறுபக்கம் புஷ்மன்ஸ் ஆறு. இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே இந்தியப் பெருங்கடலில் சேர்கின்றன. கடல் வற்றும் நேரத்தில் காரிகா ஓரமாக நடந்தால், முழங்கால் தண்ணீரில் பச்சைப் புல் படுத்துக் கிடக்கிறது. காற்றுக்குச் சாய்ந்த நாற்றங்கால்தான் நினைவுக்கு வந்தது.

அந்தப் புல்லில் வாழும் ஒரு மீனைப் பற்றித்தான் இந்த இழை. மீனை நான் பார்க்கவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்த்தவர்களே குறைவு.

பெயர் ஆற்றுக் குழாய்மீன், அறிவியல் பெயர் சிங்னாத்தஸ் வாட்டர்மேயரி. கடல்குதிரைக்குப் பங்காளி. கடல்குதிரையை இரண்டு கையால் பிடித்து நேராக இழுத்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. நீளம் 15 செ.மீ.க்குள், தடிமன் தென்னை ஈர்க்கு அளவு. 1963-ல் ஜே.எல்.பி. ஸ்மித் இதற்குப் பெயர் வைத்தார். அழிந்துபோனதாக நம்பிய சீலகாந்த் என்ற பழங்கால மீனை உலகத்துக்குச் சொன்னாரே, அதே ஸ்மித். காரிகா, புஷ்மன்ஸ், பக்கத்தில் கசூகா என்று மூன்றே மூன்று ஆறுகளின் கழிமுகங்களில்தான் அப்போது இது இருப்பதாகத் தெரிந்தது. உலகத்தில் வேறெங்கும் இல்லை.

அதற்கப்புறம் பல ஆண்டுகள் யார் வலையிலும் வரவில்லை. 1994-ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் 'அழிந்துவிட்டது' என்று எழுதினார்கள். 1996-ல் போர்ட் ஆல்ஃபிரட் தாண்டி ஈஸ்ட் கிளைனமொண்டெ என்ற சின்னக் கழிமுகத்தில் உயிரோடு கிடைத்தது. அதுவும் இனப்பெருக்கம் செய்யும் கூட்டமாக. பிறகு பழைய ஆறுகளிலும் அவ்வப்போது தென்பட்டிருக்கிறது. இப்போது பட்டியலில் 'மிக அருகிய இனம்'.

எனக்கு ஆச்சரியம் அது திரும்பி வந்ததில் இல்லை. ஏன் காணாமல் போனது என்பதில்தான். யாரும் இதைப் பிடித்துத் தின்னவில்லை, விற்கவில்லை. பிறகு என்ன ஆயிற்று? எனக்குத் தெரிந்ததைப் பிறகு எழுதுகிறேன். முதலில் இங்கே யாருக்காவது இந்தக் குடும்பத்து மீன்களோடு பழக்கம் உண்டா?

---

தொண்டிக்காரன் | ஞாயிறு, இரவு 10.15

அண்ணே, நீங்கள் சொல்வது முரல் குஞ்சு இல்லையா? எங்கள் பக்கம் தாழைக்குள் (கடல்புல்லைத்தான் அப்படிச் சொல்வோம்) வலை போட்டால் ஈர்க்கு மாதிரி ஒன்று வரும். காய்ந்தால் விறகுக் குச்சி போல ஆகிவிடும். யாரும் எடுப்பதில்லை, சங்காயத்தோடு, அதாவது கழித்துப் போடும் பொடி மீனோடு, போய்விடும். முரல் குஞ்சு என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

---

அல்லி டீச்சர் | ஞாயிறு, இரவு 10.52

தொண்டித் தம்பி, நல்ல கேள்வி. முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவள், எத்தனையோ பிள்ளைகள் இதே குழப்பத்தோடு வந்திருக்கிறார்கள். வாயைப் பாருங்கள். முரலுக்கு இரண்டு தாடையும் நீளம், உள்ளே ஊசிப் பற்கள். அரைமுரல் என்றால் கீழ்த்தாடை மட்டும் நீளம். குழாய்மீனுக்கு முகமே ஒரு குழாய், வாய் அந்தக் குழாயின் நுனியில் ஒரு பொட்டு அளவு. பல்லே கிடையாது.

அப்புறம் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். முரலுக்குச் செதில் உண்டு, வழுக்கும். குழாய்மீனுக்குச் செதில் இல்லை. தோலுக்கடியில் எலும்புத் தகடுகள் வளையம் வளையமாக அடுக்கியிருக்கும், நகத்தால் வருடினால் படி படியாகத் தட்டுப்படும். விறகுக் குச்சி மாதிரி காய்கிறது என்றீர்களே, அதனால்தான். சதை கொஞ்சம், கவசம் நிறைய. நீங்கள் சங்காயத்தில் தள்ளுவது பெரும்பாலும் குழாய்மீனாகத்தான் இருக்கும்.

இடுப்புத் துடுப்பும் கிடையாது. முதுகில் உள்ள ஒரு துடுப்பை விசிறி போல் வேகமாக ஆட்டித்தான் நகரும். கண்ணுக்கு அந்த அசைவே தெரியாது, குச்சி தானாக மிதந்து போகிற மாதிரி இருக்கும். நீந்துவதில் சோம்பேறி. புல்லோடு புல்லாக நிற்பதுதான் அதன் தொழில்.

---

மீன்தொட்டி முரளி | திங்கள், காலை 7.05

நான் இதை வளர்த்துப் பார்த்து மண்ணைக் கவ்வியவன்.

சில வருடம் முன்பு ஒரு கடைக்காரர் 'கடல்குதிரையை விட இது லேசு சார்' என்று சொல்லி ஒரு ஜோடிக் குழாய்மீனைத் தலையில் கட்டினார். பொடித் தீனி போட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உறைய வைத்த இறால் போட்டேன், அது அடியில் போய் அழுகியது. உயிரோடு துள்ளுகிற இரையைத்தான் அது இரையாகவே மதிக்கும். ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ப் பொடி இறாலின் முட்டையைப் பொரிக்க வைத்துக் குஞ்சுகளை ஊற்றினேன். அப்போதுதான் விளையாட்டைப் பார்த்தேன். குச்சி அசையாமல் நிற்கும், கண் மட்டும் உருளும், இரண்டு கண்ணும் தனித்தனியாக. ஆர்ட்டீமியா மூக்குக்கு நேரே வந்ததும் தலை ஒரு வெட்டு வெட்டும், இரை காணோம். விழுங்கியதைப் பார்க்கவே முடியாது, சில மில்லி விநாடியில் முடிகிற காரியம். தலையைத் தூக்கும் தசைநார் வில் நாண் போல முன்னாடியே முறுக்கி வைத்திருக்கும், அதை விடுவிக்கும்போது தலை மேலே சுண்டும், அதே நொடியில் குழாய் உறிஞ்சும் என்று பிறகு படித்தேன்.

சரி, சாப்பிடத் தொடங்கிவிட்டதே என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் இவற்றுக்கு இரைப்பையே கிடையாது. சாப்பிட்டது நேரே குடலுக்குப் போய்விடும். சேமித்து வைக்க வயிற்றில் இடமில்லை. அதனால் பகல் முழுக்கக் கொறித்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்று மனிதக் கணக்கில் போட்டேன். ஐந்தாவது வாரம் இரண்டும் போய்விட்டன. பட்டினிதான் காரணம், வேறு நோயில்லை.

டீச்சர், இந்த வாட்டர்மேயரிக்கும் இதே கதைதானா?

---

கழிமுகத்தான் | திங்கள், இரவு 8.30

முரளி சார், உங்கள் தொட்டியில் நடந்ததுதான் அந்த ஆற்றிலும் நடந்தது. நான் சுற்றி வளைத்துச் சொல்ல இருந்ததை நீங்கள் இரண்டு மீனில் சொல்லிவிட்டீர்கள்.

காரிகா ஆற்றின் மேல்பகுதியில் அணைகள் உண்டு. செட்லர்ஸ் அணை, ஹோவிசன்ஸ் பூர்ட் அணை எல்லாம் அந்த ஆற்று அமைப்பில்தான் இருக்கின்றன. கிரஹாம்ஸ்டவுன் ஊருக்கு (இப்போது மகாண்டா) குடிதண்ணீர் அங்கிருந்து போகிறது. மழை குறைந்த சீமை வேறு. விளைவு, ஆற்றின் கீழ்முனைக்கு நல்ல தண்ணீர் வருவதே அபூர்வம். மாதக்கணக்கில் கடல் மட்டும் உள்ளே வந்து போய்க்கொண்டிருக்கும். வெயிலில் நீர் ஆவியாகி, வறட்சிக் காலத்தில் கழிமுகத்தின் மேல்பகுதி கடலைவிட உப்பாகிவிடுகிறது. தலைகீழ். வழக்கமாக மேலே போகப் போக உப்புக் குறைய வேண்டும்.

ஆற்று நீர் வெறும் நீரில்லை. கரைந்த நைட்ரேட், பாஸ்பேட், வண்டல் எல்லாம் அதோடு வரும். அது வந்தால் கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள் பெருகும். பாசி பெருகினால் அதைத் தின்னும் கோப்பிபாட் என்ற பொடி உயிர்கள் பெருகும். அரிசி நொய்யை விடச் சின்னது. குழாய்மீனின் சாப்பாட்டுத் தட்டில் முக்கியமானது அதுதான். ஆறு வரவில்லை என்றால் பாசி இல்லை, பாசி இல்லையென்றால் கோப்பிபாட் இல்லை. இரைப்பை இல்லாத மீன் எத்தனை நாள் தாங்கும்? மீன் காணாமல் போனதற்கு ஆய்வாளர்கள் முதலில் சந்தேகப்பட்டது இந்தப் பட்டினியைத்தான். விஷம் கலக்கவில்லை. புல்கூட இருந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக, சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கிற அளவுக்கு அழகாக இருந்தது. தெளிவாக இருந்ததே கோளாறின் அடையாளம்.

இதற்கு நேர் எதிரான ஒரு ஆறும் அதே கடற்கரையில் இருக்கிறது: கிரேட் ஃபிஷ். அதற்கு ஆரஞ்சு ஆற்றின் காரிப் அணையிலிருந்து சுமார் 83 கி.மீ. சுரங்கம் வழியாக 1975 முதல் தண்ணீர் கொண்டுவருகிறார்கள், பாசனத்துக்காக. அதனால் அந்தக் கழிமுகத்துக்கு வருடம் முழுக்க நல்ல தண்ணீர். மிதவை உயிர்கள் மண்டிக் கிடக்கும். அப்படியானால் குழாய்மீன் அங்கே ஓகோ என்று வாழ வேண்டுமே? வாழவில்லை. அங்கே தண்ணீர் கலங்கல். வெளிச்சம் அடிவரை போகாது, நீரடிப் புல் முளைக்காது. புல் இல்லாமல் இந்த மீனால் ஒளியவும் முடியாது, பதுங்கி இரை பிடிக்கவும் முடியாது. ஒரு ஆற்றில் வீடு இருக்கிறது, சோறு இல்லை. இன்னொன்றில் சோறு இருக்கிறது, வீடு இல்லை.

---

வயக்காட்டான் | திங்கள், இரவு 9.12

எல்லாம் சரி. நான் டெல்டாக்காரன், தண்ணீர் என்றால் கொஞ்சம் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஊருக்கே குடிக்கத் தண்ணீர் தருகிற அணையை, ஈர்க்குச்சி மீனுக்காகத் திறந்துவிடச் சொல்கிறீர்களா? கொள்ளிடத்தில் வெள்ளம் போகும்போது கரையில் நின்று பார்த்தவன் நான். கண்ணெதிரே கடலுக்குப் போகும். அடுத்த சில மாதத்தில் பயிர் வாடும்போது அந்தத் தண்ணீர்தான் கனவில் வரும். 'கடலில் வீணாகக் கலக்கிறது' என்று நாங்கள் சொல்வது வயிற்றெரிச்சலில் சொல்வது. அதை நக்கலடிக்கிற மாதிரி யாரும் எழுதக்கூடாது.

---

கழிமுகத்தான் | திங்கள், இரவு 9.47

அண்ணே, நக்கல் இல்லவே இல்லை. எங்கள் தாத்தாவும் கடைமடைக்காரர்தான்.

அணையை உடைக்கவும் சொல்லவில்லை, எப்போதும் திறந்து வைக்கவும் சொல்லவில்லை. தென்னாப்பிரிக்காவின் 1998 தண்ணீர்ச் சட்டத்தில் 'ஒதுக்கீட்டு நீர்' என்று ஒன்று உண்டு. மனிதரின் அடிப்படைத் தேவைக்கு ஒரு பங்கு, ஆறு உயிரோடு இருக்க ஒரு பங்கு, இந்த இரண்டையும் எடுத்து வைத்த பிறகுதான் மற்றவர்களுக்குப் பிரிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். ஏட்டில் இருப்பது எல்லா ஆற்றிலும் ஓடுகிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆற்றையும் ஒரு பங்காளியாக எழுதியதே எனக்குப் பெரிதாகப் பட்டது.

வீண் என்ற சொல்லோடுதான் எனக்குத் தகராறு. காரிகாவில் தண்ணீர் வீணாகாமல் சேமித்தார்கள். அப்போது கழிமுகத்துக்குப் போய்ச் சேராமல் நின்றது என்ன என்று யாரும் கணக்குப் போடவில்லை.

---

நாஞ்சில் பொழி | செவ்வாய், காலை 6.20

காலை வணக்கம். எனக்கு இரண்டு கேள்வி.

ஒன்று, 1994-ல் அழிந்தது என்று எழுதுமுன் ஒழுங்காகத் தேடினார்களா? ஈர்க்கு அளவு மீனைச் சாதாரண வலையில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இரண்டாவது, அந்த கிளைனமொண்டெ எப்படிப்பட்ட இடம்? எங்கள் குமரி மாவட்டத்தில் பொழி என்று சொல்வோம். ஆற்று வாயை மணல் அடைத்துவிடும், உள்ளே தண்ணீர் பெருகும், பிறகு தானாகவோ நாம் வெட்டியோ உடையும். பொழி அடைந்தால் மீன்பிடிக்காரர் ஒன்று சொல்வார், தோப்புக்காரர் வேறொன்று சொல்வார். அங்கேயும் அப்படித்தானா?

---

கழிமுகத்தான் | செவ்வாய், இரவு 9.05

நாஞ்சிலாரே, 'பொழி' என்ற சொல்லுக்கு நன்றி. இரண்டு நாளாக இந்த இடத்துக்குத் தமிழில் என்ன சொல்வது என்று திண்டாடிக்கொண்டிருந்தேன். கிளைனமொண்டெ என்றால் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் 'சின்ன வாய்கள்' என்று பொருள். ஈஸ்ட், வெஸ்ட் என்று இரண்டு, இரண்டும் அசல் பொழிதான். பெரும்பாலான நாள் மணல் திட்டு அடைத்திருக்கும், மழை பெய்து நீர் ஏறினால் உடைத்துக்கொண்டு ஓடும்.

காரிகாவும் புஷ்மன்ஸும் எப்போதும் கடலுக்குத் திறந்தே இருக்கும். அங்கே புல் ஜோஸ்டெரா கேபென்சிஸ், கடல் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் வகை. பொழிக்குள் வேறு புல்: ருப்பியா போன்ற, உப்பும் நன்னீரும் கலந்த தேக்கத்தில் வளர்வது. வாய் அடைத்திருக்கும் வரை நீர் அமைதி, புல் அடர்த்தி. குழாய்மீனுக்கு அது சொர்க்கம். ஆனால் ஒருநாள் வெள்ளம் வந்து திட்டு உடைந்தால் சில மணி நேரத்தில் நீர்மட்டம் இறங்கிவிடும். புல்லெல்லாம் சேற்றில் படுத்து வெயிலில் காயும். மறுபடி வாய் அடைத்து, நீர் ஏறி, புல் தழைக்க மாதங்கள் ஆகும். அதுவரை மீன் எங்கே போகும்? கடலில் நீந்தி அடுத்த ஆற்றுக்குப் போகிற தைரியம் இதற்கு இல்லை.

இதற்கு ஒரு பெரிய அண்ணன் இருக்கிறான்: சிங்னாத்தஸ் டெமிங்கி, நீள்மூக்குக் குழாய்மீன். பார்க்க இதே சாயல், ஆனால் இரண்டு மடங்கு வளரும், மூக்கும் நீளம். அதே புல்லில் அதே ஆறுகளில் இருக்கிறான். இவன் அழியவில்லை, தென்னாப்பிரிக்கக் கரையோரம் நெடுகப் பரவிக் கிடக்கிறான். ஏனென்றால் இவனுக்குக் கடலும் வீடு, கழிமுகமும் வீடு. ஒரு ஆறு கெட்டால் இன்னொரு ஆற்றிலிருந்து ஆள் வந்து நிரப்பும். உருவம் பெரிது, குஞ்சும் அதிகம். 2017-ல் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு ஒரு ஆய்வு வந்தது. ஒருவன் ஏன் ஊரெல்லாம் இருக்கிறான், ஒருவன் ஏன் விளிம்பில் நிற்கிறான் என்பதற்கு அவர்களின் வாழ்க்கை முறையே பதில் சொல்லிவிடுகிறது என்பதுதான் அதன் சாரம்.

நீங்கள் கேட்ட முதல் கேள்வி: சாதாரணக் கண்ணி வலையில் இது நிற்காது. கொசுவலை மாதிரி நெருக்கமான கண்ணி வேண்டும், அதைப் புல்லுக்குள் இழுக்க வேண்டும். இழுத்தாலும் கையில் வருவது புல்லா மீனா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆகையால் 'இல்லை' என்று சொல்வது இந்த மீன் விஷயத்தில் ரொம்பக் கஷ்டம். இப்போது ஆற்றுத் தண்ணீரையே வடிகட்டி, அதில் மீன் விட்டுச்சென்ற டிஎன்ஏ இருக்கிறதா என்று தேடும் முறையும் வந்துவிட்டது.

ஸ்மித்தைப் பற்றி ஒன்று. 1938 டிசம்பரில் சீலகாந்த் பிடிபட்டதும் இதே கிழக்குக் கேப் கடற்கரையில்தான், ஈஸ்ட் லண்டன் பக்கம். டைனோசரோடு போய்விட்டது என்று நம்பிய மீன் திரும்பி வந்ததை உலகத்துக்கு அறிவித்தவர் பெயர் வைத்த இன்னொரு மீனும், போய்விட்டது என்று எழுதிய பிறகு திரும்பி வந்திருக்கிறது. அவர் 1968-ல் இறந்துவிட்டார், இரண்டாவதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

---

மலைக்கோட்டை மைந்தன் | செவ்வாய், இரவு 10.20

இரண்டு நாளாகச் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருந்தேன். கடல்குதிரையில் ஆண்தான் பிள்ளை பெறும் என்பார்களே, இந்த மீனிலும் அப்படியா? அப்படியானால் எங்கள் ஊர்ச் சாமி பெயரையே வைத்துவிடலாமே: தாயுமானவர் மீன்! பெண்டாட்டிக்குச் சிரமம் கொடுக்காமல் தானே சுமக்கிற தகப்பன். நம் ஆண்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்.

---

அல்லி டீச்சர் | செவ்வாய், இரவு 11.08

பெயர் பிரமாதம். ஆனால் தாயுமானவரை நினைத்து உருகுவதற்கு முன் மிச்சத்தையும் கேளுங்கள்.

ஆமாம், ஆண்தான் சுமக்கிறது. சிங்னாத்தஸ் இனங்களில் ஆணின் வாலுக்கு அடியில் இரண்டு தோல் மடிப்புகள் நடுவில் வந்து சேரும், வேட்டி மடிப்பு மாதிரி. பெண் அதற்குள் முட்டையை வைத்துவிட்டுப் போய்விடும். கருவுறுதல் உள்ளேயே நடக்கும். தோல் திசு முட்டையைச் சுற்றி வளர்ந்து பிடித்துக்கொள்ளும், ரத்தக் குழாய்கள் ஓடும், உயிர்க்காற்று போகும், உப்பின் அளவைச் சரிபார்க்கும். கழிமுகத்தில் இந்தக் கடைசி வேலை முக்கியம், ஏனென்றால் வெளியே உப்பு நாளுக்கு நாள் மாறும். சில வாரத்தில் மடிப்பு திறந்து, அப்பாவைப் போலவே உருவமுள்ள நூல் குஞ்சுகள் வெளியே வரும். வந்த நிமிடத்திலிருந்து சொந்தக் காலில்தான். முரளி சொன்ன அதே வேட்டை, இன்னும் சின்ன வாயோடு.

பெண்கள் என்ன செய்யும்? பல சிங்னாத்தஸ் இனங்களில் பெண்தான் அலங்கரித்துக்கொண்டு ஆணைத் தேடிப் போட்டி போடும். சுமக்க இடம் குறைவு, முட்டை அதிகம், அதனால் கிராக்கி ஆணுக்கு.

இனிதான் விஷயம். 2010-ல் அமெரிக்காவின் கல்ஃப் குழாய்மீன், சிங்னாத்தஸ் ஸ்கோவெல்லி, அதில் ஒரு ஆய்வு வெளிவந்தது. பெரிய பெண் கொடுத்த முட்டைகள் அதிகம் பிழைத்தன, சின்னப் பெண்ணின் முட்டைகள் குறைவாகப் பிழைத்தன. தகப்பன் தனக்குப் பிடித்த சம்சாரத்தின் பிள்ளைக்கு அதிகமாக ஊட்டுகிறான், மற்றதைக் கைவிடுகிறான் என்று தோன்றுகிறது. முதல் பேற்றில் நிறையச் செலவழித்தவன் அடுத்த பேற்றில் கையைச் சுருக்கிக்கொள்கிறான். அதே ஆண்டு ஐரோப்பாவின் சிங்னாத்தஸ் டைஃபிளியில் இன்னொரு ஆய்வு. முட்டையில் அடையாளமிட்ட சத்துப் பொருள் தகப்பன் உடம்பில் போய்ச் சேர்ந்திருந்தது! அதாவது மடியில் உள்ள சில கருக்களைத் தகப்பனே உறிஞ்சிக்கொள்கிறான். சுமப்பதும் அவன், கணக்குப் பார்ப்பதும் அவன். தாயுமானவர் இதைச் செய்ததாகத் தலபுராணத்தில் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. கருவில் பாதி வேறொருத்தியின் சரக்கு. உடம்பின் காவல் அமைப்பு அதை அந்நியன் என்று அடித்துத் துரத்த வேண்டும். டைஃபிளியின் மரபணுக்களைப் பார்த்தபோது, நம்மைப் போன்ற முதுகெலும்பிகளில் அந்நியனை அடையாளம் காட்டும் அமைப்பில் ஒரு முக்கியப் பகுதியே தொலைந்துபோயிருந்தது. 2013-ல் வெளிவந்த செய்தி இது. ஆண் சுமப்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்கிறார்கள். காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளை வளர்க்கிற மாதிரி.

வாட்டர்மேயரியில் இந்தச் சோதனைகள் எதையும் செய்ய மனம் வராது. அறுத்துப் பார்க்கிற அளவுக்கு மீன் இல்லை. பங்காளிகளை வைத்துத்தான் பேச வேண்டும்.

---

மலைக்கோட்டை மைந்தன் | செவ்வாய், இரவு 11.15

டீச்சர், பெயரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் 🙏

---

வயக்காட்டான் | புதன், மதியம் 1.40

நேற்று ராத்திரி யோசித்தேன். முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது.

என் மச்சான் பழையாறு பக்கம். அவர் ரொம்ப நாளாகச் சொல்வார், கொள்ளிடத்தில் தண்ணீர் வந்த வருடம் இறால் நன்றாகக் கிடைக்கும், வராத வருடம் கிடைக்காது என்று. நான் அதை மீன்காரர்கள் பேச்சு என்று விட்டுவிடுவேன். கழிமுகத்தான் எழுதிய பாசி, கோப்பிபாட் கதையைப் படித்தபோது அவர் சொன்னது இதைத்தானோ என்று பட்டது. இறாலுக்கு விலை உண்டு, அதனால் அவர் கணக்கு வைத்திருக்கிறார். இந்த மீனுக்கு விலை இல்லை, அதனால் யாரும் கணக்கு வைக்கவில்லை. அவ்வளவுதானே?

ஆனால் குடிதண்ணீரா மீனா என்று வந்தால் நான் குடிதண்ணீர் பக்கம்தான். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

---

கழிமுகத்தான் | புதன், இரவு 8.15

எழுதி வைத்துக்கொண்டேன் அண்ணே. குடிதண்ணீர் என்றால் நானும் அந்தப் பக்கம்தான். மச்சான் சொன்னது அதேதான், வேறெதுவும் இல்லை.

---

மீன்தொட்டி முரளி | புதன், இரவு 8.50

இடையில் ஒரு விஷயம் உறுத்துகிறது. நான் வாங்கிய ஜோடி இங்கே கடலில் பிடித்ததா, வெளிநாட்டுச் சரக்கா என்று அன்றைக்குக் கேட்கவே தோன்றவில்லை. இந்தியாவில் குழாய்மீன் வளர்ப்பதில் சட்டச் சிக்கல் ஏதும் உண்டா டீச்சர்?

---

அல்லி டீச்சர் | புதன், இரவு 9.30

உண்டு. 2001-ல் கடல்குதிரைகளை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தபோது, அந்தக் குடும்பம் முழுவதையும் சேர்த்தே எழுதினார்கள். புலிக்கு இருந்த அதே அட்டவணை. சர்வதேச வணிகத்தில் கடல்குதிரைக்குத்தான் கட்டுப்பாடு, 2004 முதல் நடப்பில் இருக்கிறது. குழாய்மீன்கள் அந்த வணிகக் கட்டுப்பாட்டில் இல்லை. ஆக, உலகச் சந்தையில் கவனிப்பாரற்ற மீனுக்கு நம் ஊர்ச் சட்டம் அன்றைக்கே இடம் கொடுத்துவிட்டது. ஆனால் கடல்குதிரை பிடித்தால் வழக்கு என்று தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு ஈர்க்குமீனைப் பற்றித் தெரியும்? கடைக்காரருக்கும் தெரிந்திருக்காது, வாங்கிய உங்களுக்கும் தெரியாது.

நம் கழிமுகங்களிலும் இதன் உறவுக்காரர்கள் உண்டு. இக்தியோகாம்பஸ் கார்சே என்று ஒன்று, இந்தியா, இலங்கை இரண்டிலும் உப்பும் நன்னீரும் கலக்கும் இடங்களில் வாழ்கிறது. அதுவும் 15 செ.மீ. ஆசாமிதான். கங்கை மீன்களைப் பற்றி எழுதிய ஹாமில்டன் 1822-லேயே அதற்குப் பெயர் வைத்துவிட்டார். 200 வருடம் ஆகிவிட்டது, நம் ஊரில் அதைக் காட்டிப் பெயர் சொல்லக்கூடியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

---

நாஞ்சில் பொழி | புதன், இரவு 9.58

பெயர் இல்லாதது பெரிய இடைஞ்சல் டீச்சர். பெயர் இருந்தால்தான் 'இந்த வருடம் அது காணோமே' என்று சொல்ல வரும். முரல் குஞ்சு என்றே சொல்லிக்கொண்டிருந்தால் முரல் இருக்கும் வரை அதுவும் இருப்பதாகத்தான் நினைப்போம்.

---

தொண்டிக்காரன் | வெள்ளி, காலை 8.10

அண்ணே, டீச்சர், இன்றைக்குக் காலையில் நண்டு வலை எடுத்தபோது வலையில் ஒட்டியிருந்த தாழைக் குப்பையைத் தள்ளுமுன் நின்று பார்த்தேன். இரண்டு கிடந்தது. ஒன்று விரல் நீளம், காய்ந்துபோய்விட்டது. இன்னொன்று ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு, உயிர் இருந்தது. நகத்தால் வருடினேன், டீச்சர் சொன்ன மாதிரி படி படியாகத் தட்டுப்பட்டது. வாய் நுனியில் ஒரு பொட்டு. திருப்பிப் பார்த்தால் வாலுக்கு அடியில் அந்த மடிப்பு, உள்ளே ஏதோ மணி மணியாகத் தெரிந்தது. ஈரக் கையோடு போன் எடுக்கப் பயந்து படம் எடுக்கவில்லை, மன்னிக்கவும். தாழை மேலேயே விட்டுவிட்டேன். ஒரு நொடி மிதந்தது, அப்புறம் எது புல் எது மீன் என்று எனக்கே தெரியவில்லை.

பக்கத்து வள்ளத்து அண்ணன் பார்த்துவிட்டு, 'என்னடா, முரல் குஞ்சைப் போய்த் திரும்ப விடுறே?' என்றார். முரலுக்கு ரெண்டு தாடையும் நீளம்ணே, இதுக்கு வாயே பொட்டு அளவுதான், வேணும்னா நாளைக்கு உங்க வலையிலயும் பாருங்கன்னு சொல்லிட்டு வந்தேன்.